பல் மருத்துவமனை மேலாளர்களுக்கான வார இறுதிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

சென்னையில் ஒரு நிறுவனம் பல் மருத்துவமனை மேலாளர்களுக்காக நடத்தும் வார இறுதிப் பயிற்சிக்கு எங்கள் கிளினிக்கிலிருந்து ஒருவரை அனுப்பினோம். மருத்துவரே சிகிச்சையும் செய்து, இடையிடையே கையுறையைக் கழற்றிவிட்டு செயற்கைப் பல் செய்து தரும் லேபுக்கும் சப்ளையருக்கும் போன் செய்துகொண்டிருந்தால், வாயைத் திறந்தபடி நாற்காலியில் காத்திருக்கும் நோயாளியின் நேரம்தான் வீணாகிறது. அந்தப் பொறுப்புகளை ஒருவரிடம் முறையாக ஒப்படைக்க விரும்புவோருக்கு இப்பயிற்சி நிச்சயம் உதவும். ஆனால் யாரை அனுப்புவது என்பதை நாம்தான் சரியாக முடிவு செய்ய வேண்டும்.

பட்டப்படிப்பும் ஆங்கிலப் பேச்சும் உள்ளவர்களை அனுப்புமாறு அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாங்கள் அனுப்பியது எங்கள் மூத்த அசிஸ்டென்டை. நீராவியால் கருவிகளின் கிருமிகளை அழிக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில் கருவிகள் குறைந்தது 15 நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது தெரிந்தவர். வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று நானே அவசரப்படுத்தினாலும், “ஆட்டோகிளேவ் சைக்கிள் முடியட்டும் டாக்டர்” என்று பணிவாக மறுக்கக்கூடியவர். மருத்துவரிடம் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவர் எத்தனை வகுப்புகளுக்குப் போய் வந்தாலும் நல்ல மேலாளராக முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சியின் சிறந்த பகுதி மருத்துவக் கழிவு மேலாண்மை. 2016ஆம் ஆண்டு விதிகளை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், மேசையில் பொருட்களைக் கொட்டி, பங்கேற்பாளர்களையே பிரித்துப் போடச் சொல்கிறார்கள்: இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் சலைவா எஜெக்டரும் (எச்சில் உறிஞ்சும் குழாய்) சிவப்பில், ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். பிரித்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் அனுப்ப வேண்டும், கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதையெல்லாம் நாட்காட்டியில் குறித்து வைக்கவும் பழக்குகிறார்கள். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் பதிவு தேவை என்பதும் இதே அமர்வில் வருகிறது.

லேப் வேலைகளைப் பற்றிய வகுப்பும் அருமை. ரூட் கேனால் முடிந்த பல்லுக்கு கேப் (பல்லின் மேல் பொருத்தும் உறை) செய்ய அனுப்பும் சீட்டில் பல்லின் எண்ணாக 36 என்று எழுதினால் அது கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். 46 என்றால் வலப்பக்கம். பல்லின் எண், நிறம், கேப்பின் வகை, திரும்பி வர வேண்டிய தேதி ஆகியவற்றை ஒவ்வொருவரையும் எழுத வைத்து, பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு திருத்துகிறார்கள். நோயாளி வருவதற்கு முந்தைய நாள் மாலையே கேப் வந்துவிட்டதா என்று பார்த்து, வராவிட்டால் அவருக்குத் தகவல் சொல்லும் பழக்கம் எங்கள் கிளினிக்கில் இப்போது வேரூன்றிவிட்டது.

பணத்தைப் பற்றிய அமர்வுதான் எனக்கு வருத்தம் தந்தது. தொலைபேசியில் கட்டணம் கேட்பவரிடம் மிகக் குறைந்த தொகையைச் சொல்லி முதலில் வரவழைக்க வேண்டும், மாதத்துக்கு இத்தனை இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) என்று இலக்கு வைக்க வேண்டும் என்று கற்றுத்தருகிறார்கள். எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதைப் பரிசோதித்த மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும். மேலாளரின் வேலை, அதற்கான முழுச் செலவையும் சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்து, தவணையில் கட்ட வழியிருந்தால் அதையும் விளக்குவது. பல் பிடுங்க நேரம் கேட்பவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை நோய் உள்ளவரா என்று கேட்டு மருத்துவரிடம் தெரிவிப்பதும், மாத்திரையை நிறுத்தும்படி தானாகச் சொல்லிவிடாமல் இருப்பதும் மேலாளருக்கு மிக அவசியம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. இந்தப் பகுதியை நாங்களே எங்கள் அசிஸ்டென்டுடன் உட்கார்ந்து, நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கொண்டு பேசிப் பழகினோம்.

பாடக்குறிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழிலும் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்து வருபவருக்கு அப்பாயின்ட்மென்ட் ஏட்டின் மீதும் ஸ்டாக் வாங்குவதிலும் உண்மையான அதிகாரம் கொடுக்கத் தயாராக இருக்கும் மருத்துவர்கள் தாராளமாக அனுப்பலாம். எல்லா முடிவுகளையும் தாமே எடுக்க விரும்புவோர் இந்தச் செலவைத் தவிர்ப்பதே நல்லது.