துண்டு ஒழிந்ததை எழுத ரிலீஸா, எமான்சிபேட்டா?

உயர்தர மாணவர்களுக்கு இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதிக் கொடுத்தபோது, தொழிலாளர்களைக் கடன் சீட்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டதற்கு எந்த வினைச்சொல்லைப் போடுவது என்ற கேள்வி வந்தது. ரிலீஸ், லிபரேட், எமான்சிபேட் மூன்றையும் பார்த்துவிட்டு எமான்சிபேட்டை எடுத்தேன்.

லிபரேட் பெரும்பாலும் படை பிடித்து வைத்த ஊரை மீட்பதற்கு: 1944 ஆகஸ்ட்டில் பாரிஸ் மாதிரி. வேதியியலில் வாயு வெளிவருவதற்கும் வரும்; அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. ரிலீஸ் எல்லாருக்கும் தெரிந்தது. கைதியையும் ரிலீஸ் பண்ணலாம், காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரையும் பண்ணலாம்.

ஆனால் துண்டு எப்படி நடந்தது என்று பாருங்கள். கங்காணி, அதாவது தொழிலாளர் கூட்டத்தின் தலைவர், தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் துண்டு கேட்பார். "இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் இவர்களை விடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுப்பார். புதுத் தோட்டம் அதைக் கட்டும். கட்டிய பணம் அங்கே மறுபடி அவர்கள் தலையில் கடனாக ஏறும். ஆக, துண்டே ஒரு ரிலீஸ்தான்! ஒரு கை விட்டது, மறு கை பிடித்தது. விட்டதோடு ரிலீஸின் வேலை முடிந்துவிடும்.

எமான்சிபேட் அப்படியில்லை. பிடித்து வைக்கும் அதிகாரமே போக வேண்டும். ரோமச் சட்டத்தில் தகப்பன் மகனைத் தன் அதிகாரத்திலிருந்து விடுவித்ததற்கு இருந்த சொல் இது. அடிமைகளுக்கு மட்டும்தானே என்று சிலர் கேட்கிறார்கள். 1863இல் லிங்கனின் பிரகடனத்தால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் 1829இல் பிரித்தானியக் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றதற்கும் இதே சொல்தான். அவர்கள் அடிமைகள் இல்லையே.

ஒன்றை மட்டும் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஃப்ரம் போட்டு, எதிலிருந்து என்பதை எழுதுங்கள். 'எமான்சிபேட்டட் ஃப்ரம் தி துண்டு சிஸ்டம்' சரி. வெறுமனே 'வேர் எமான்சிபேட்டட்' என்றால் எல்லாம் தீர்ந்த மாதிரி ஆகிவிடும். 1921க்குப் பிறகும் வரிசை வீடுகளான லயம் இருந்தது, கங்காணி இருந்தார். 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையே இல்லாமல் செய்தது.

2003இல் குடியுரிமை கிடைத்ததற்கும் இதே சொல் பொருந்துமா என்றால், எனக்கு அரைமனதுதான். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே கிராண்ட், அதாவது வழங்குதல், என்று இருக்கிறது. இப்போதைக்கு அதையே எழுதச் சொல்கிறேன்.