முன்பக்க காயில் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றினேன்: நெடுநாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் முன் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றை அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது. கடற்காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஸ்பிரிங்கின் கீழ்முனை உட்காரும் தட்டில் மண்ணும் ஈரமும் தேங்கும். அங்கே பெயின்ட் உரசிப் போய்த் துரு குழிவிட்டால், விரிசல் அந்தக் குழியிலிருந்துதான் கிளம்பும். என்னுடைய சின்ன பெட்ரோல் காரில் இடப்பக்க ஸ்பிரிங் அப்படித்தான் ஒடிந்திருந்தது. ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் 'டங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஒடிந்த முனை வெளியே நழுவினால் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். அதனால் தள்ளிப்போடவில்லை.

ஒடிந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வாங்கும்போதுதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே மாடலின் டீசல் வண்டிக்கு இன்ஜின் எடை கூடுதல், ஆகவே ஸ்பிரிங்கும் வேறு. 'ரெண்டும் ஒண்ணுதான் சார், போட்டுக்கலாம்' என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. மற்ற அளவுகள் ஒன்றாகவே இருந்து, கம்பி மட்டும் 12 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ. ஆனால் கடினம் சுமார் 38 சதவீதம் ஏறிவிடும். பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் வெர்னியர் வைத்துக் கம்பியையும் அளந்துவிடுங்கள்.

ஸ்டாண்டு கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. வீல், லிங்க் ராட், பிரேக் ஹோஸ் கிளிப் எல்லாம் கழற்றுவது எளிது. நக்கிளையும் (வீல் ஹப் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) ஸ்ட்ரட்டையும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இணைக்கும் இரண்டு போல்ட்டுகள்தான் துருப்பிடித்து அடம்பிடிக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்துவிட்டால் பாதிப் பாடு குறையும். கழற்றுமுன் அவை நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள், கேம்பர் (வீல் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) அதிகம் விலகாது. ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நக்கிளைக் கம்பியால் கட்டிவிடுங்கள். தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும்.

அடுத்தது ஸ்பிரிங்கை அமுக்குவது. முழு வேலையில் உயிருக்கு மிக ஆபத்தான இடம் இதுதான். அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் சில நூறு கிலோ விசை அடைந்து கிடக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியான கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளும் நேரெதிரே நிற்க வேண்டும். இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் அதே அளவு என்று மாற்றி மாற்றிக் கைஸ்பானரால்தான் இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் மேல்தட்டை விட்டு விலகி, கையால் அசைத்தால் ஆடும் நிலைக்கு வந்த பிறகுதான் மேல்தட்டைப் பிடித்திருக்கும் நடு நட்டைத் தொட வேண்டும். அதுவரை முகம் ஸ்ட்ரட்டின் முனைக்கு நேரே போகக் கூடாது. புது ஸ்பிரிங்கை அமுக்கும்போது கொக்கி படும் இடத்தில் பழைய டியூப் துண்டு சுற்றினேன். அந்த இடத்தில் பெயின்ட் கீறிவிட்டால் நம் ஊர் உப்புக்கு அதுவே வாசல். மாட்டும்போது கீழ்முனை தட்டிலுள்ள படியில் சரியாக முட்டுகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மேல் பேரிங்கையும் ரப்பர் மவுண்டிங்கையும் அப்போதே புதிதாகப் போட்டுவிட்டேன். அவற்றுக்காக இன்னொரு முறை இதையெல்லாம் கழற்ற யாருக்கும் மனம் வராது.

வேலை முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்தேன். கேம்பர் குறியிலேயே இருந்தாலும் வண்டியின் உயரம் மாறும்போது டோ (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். இதைத் தவிர்த்துவிட்டு டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது என்று புலம்பிப் பயனில்லை.

இப்போது சில மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. மாட்டியதும் முன்பக்கம் நன்றாகவே உயர்ந்தது. முதல் சில வாரங்களில் கொஞ்சம் இறங்கி, அதன்பின் அங்கேயே நிற்கிறது. இரண்டு பக்க அளவும் ஒன்றாக இருக்கிறது. ஐந்து பேர் உட்கார்ந்து திருநெல்வேலி போனால் முன்பெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டும். இப்போது தட்டுவதில்லை. சவாரி கொஞ்சம் விறைப்பாகத் தெரியலாம். உண்மையில் பழைய ஸ்பிரிங் தளர்ந்து உயரம் குறைந்திருந்ததே தவிர, அதன் கடினம் அநேகமாக அப்படியேதான் இருந்தது. ஷாக் அப்சார்பர் வேலை செய்ய இப்போது இடம் கிடைத்திருக்கிறது.

தாழ்ந்த வண்டிக்குச் சுற்றுகளுக்கிடையே ரப்பர் பஃபர் செருகச் சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. பஃபர் பிடித்த சுற்று வேலை செய்யாது, அதன் பங்கையும் மற்ற சுற்றுகள் தாங்க வேண்டிவரும். போதாக்குறைக்கு அந்த ரப்பருக்கு அடியில் ஈரமும் தங்கும். ஏற்கெனவே ஒடிந்த ஸ்பிரிங்குக்கு அதைச் செருகுவது ஆபத்தை மூடி வைக்கிற வேலை.

மழை ஓய்ந்ததும் வீலைக் கழற்றி, கீழ்த்தட்டில் தேங்கிய மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன். இடப்பக்கத் தட்டின் வடிகால் துளை அடைத்துக்கொண்டே இருக்கிறது, அதை மட்டும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டியிருக்கிறது.