மானிட்டர் கேபிள் பழுது: ஒட்டுப் போடுவதா, தலையை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

விஜிஏ கேபிளில் (செருகும் தலையில் 15 பின், அதாவது ஊசிகள், உள்ள பழைய வகை) வரும் மானிட்டர் திடீரென்று நீலப்பச்சையாகத் தெரிந்தால் சிவப்புக்கான கம்பி போய்விட்டது என்று அர்த்தம். ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை போயிருக்கிறது, மஞ்சளடித்தால் நீலம். நிறமெல்லாம் சரியாக இருந்து, 1024x768-க்கு மேல் ரெசல்யூஷன் ஏற மறுத்தால் 12 அல்லது 15-ஆம் பின்னைச் சந்தேகிக்கலாம். மானிட்டர் தன் பெயரையும் அளவையும் கணினிக்குச் சொல்வது அந்த இரண்டு வழியாகத்தான்.

கத்தரியை எடுப்பதற்கு முன் கேபிளின் தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பல கேபிள்களில் கோளாறு கம்பியில் இருக்காது, ஏதாவது ஒரு பின் சாய்ந்திருக்கும். முள் போட்டுப் பயன்படுத்தும் மெக்கானிக்கல் பென்சிலின் முள்ளை எடுத்துவிட்டு, அந்தக் குழாய் நுனியைப் பின்னில் செருகி மெல்ல நிமிர்த்தினால் வேலை முடிந்தது. நடு வரிசையில் 9-ஆம் பின்னே இல்லையென்றால் பதற வேண்டாம், பல கேபிள்களில் அதை வைப்பதே இல்லை.

கம்பிதான் அறுந்திருக்கிறது என்றால் வழி மூன்று. இரு பக்கமும் கழற்றக்கூடிய சாதாரண 1.5 மீட்டர் கேபிளுக்குப் புதிது வாங்குவதே கணக்கு. இருநூறு ரூபாய்க்குள் முடியும் பொருளுக்கு இரண்டு மணி நேரம் சால்டரிங் அயனோடு உட்காருவது பொழுதுபோக்கு, சிக்கனம் இல்லை. பழுது பார்ப்பதில் அர்த்தம் உள்ளது இரண்டே இடங்களில்: மானிட்டரின் உடம்போடு சேர்ந்தே வரும் கழற்ற முடியாத கேபிள், சுவருக்குள்ளோ சீலிங்கிலோ ஓடும் 10, 15 மீட்டர் கேபிள்.

அங்கே ஒட்டா, தலையா என்பதை அறுந்த இடம் தீர்மானிக்கும். கேபிள் பெரும்பாலும் தலையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டருக்குள், ரப்பர் கழுத்து முடியும் இடத்தில்தான் அறும், அங்கேதான் வளைவு விழுகிறது. எலி கடித்தால் மட்டும் நடுவில். கழற்ற முடியாத கேபிளில் இதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. மானிட்டரின் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து 1-6, 2-7, 3-8 ஆகிய ஜோடிகளை அளந்து பாருங்கள். உள்ளே போர்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 75 ஓம் இருக்கிறது. மூன்றிலும் 75-ஐ ஒட்டி வரவேண்டும். எந்த ஜோடியில் எதுவுமே காட்டவில்லையோ அதுதான் அறுந்தது. மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு கேபிளை அங்குலம் அங்குலமாக வளைத்தால், எண் துள்ளும் இடம் கோளாறு உள்ள இடம்.

தலையை மாற்றுவது ஒட்டைவிட நன்றாக நிற்கும், ஆனால் கை நடுங்கக் கூடாது. சால்டர் வைக்கும் வகை 15 பின் ஆண் கனெக்டர், அதை மூடும் ஹூட் (கூடு), 25 வாட் அயன், 0.8 மி.மீ. ஈயம் போதும். பழைய தலைக்குப் பின்னால், கோளாறைத் தாண்டி வெட்டுங்கள். வெட்டிய தலையைத் தூக்கி எறியாதீர்கள்: எந்த நிற வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று அதில் பீப் வைத்துப் பார்த்து (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் மல்டிமீட்டரை வைத்து) எழுதிக்கொள்ளலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பொதுவாக அதே நிறக் கம்பிதான்; மற்ற வயர்களின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், இணையத்தில் பார்த்த படத்தை நம்பிப் பற்றவைத்தால் சிக்கல்.

பற்றவைக்கும்போது புதுத் தலையை ஏதாவது பழைய பெண் கனெக்டரில் செருகி வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் நகராது. கடைசி வரிசையில் தொடங்கி மேலே வாருங்கள், நடு வரிசையைக் கடைசிக்கு விட்டால் அயன் நுனி உள்ளே போகாது. பின்பக்கத்திலிருந்து பார்க்கையில் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறும். 1 என்று நினைத்து 5-இல் வைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு. பின் அருகிலேயே பொடி எழுத்தில் எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்தே செய்யுங்கள்.

நடுவில் ஒட்டுப் போட வேண்டியிருந்தால், ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) துண்டுகளைப் பற்றவைப்பதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியிலும், வெளி உறைக்குப் பெரிய துண்டு ஒன்றையும், கோத்துவிடுங்கள். மறந்தால் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வையுங்கள். கட்டு தடிக்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. நிறக் கம்பிகள் மூன்றும் கோயாக்ஸ்: உள்கம்பி தனியே, சுற்றியுள்ள பின்னல் தனியே சேர வேண்டும். உள்ளே இருக்கும் நுரை பிளாஸ்டிக் சீக்கிரம் உருகிவிடும், அயனை இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதீர்கள். பின்னல் இல்லாத பகுதி நீண்டால் எழுத்துகளின் வலப்பக்கம் மங்கிய நிழல் விழலாம். 1920x1080-இல் புள்ளிகள் வினாடிக்கு 14.85 கோடி என்ற வேகத்தில் போகின்றன, அந்த வேகத்துக்கு ஒட்டு ஒரு மேடுபள்ளம். மேலே அலுமினியத் தாளைச் சுற்றி வெளிப் பின்னலோடு தொடுத்துவிட்டால் ஓரளவு குறையும்.

முடித்ததும் எதிலும் செருகாமல், அடுத்தடுத்த பின்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பீப் வையுங்கள். 5, 6, 7, 8, 10 தங்களுக்குள் பீப் அடித்தால் பயம் இல்லை, அவை எல்லாம் கிரவுண்டு. மலிவுக் கேபிளில் உள்ளேயே சேர்த்திருப்பார்கள்.

எச்டிஎம்ஐக்கு இந்த வித்தை செல்லாது. 19 பின், தலைமுடி போன்ற கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். தரவு போகும் ஒரு ஜோடிக்கு 1080-இலேயே வினாடிக்கு 148.5 கோடி பிட், 60 ஹெர்ட்ஸ் 4கே என்றால் 594 கோடி. முறுக்கைப் பிரித்துக் கையால் ஒட்டினால் படம் வந்தாலும் திரையில் மினுமினுப்புப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது நடுநடுவே இருண்டு திரும்பும். திருகு வைத்த எச்டிஎம்ஐ தலைகள் கடையில் கிடைக்கின்றன. 1080-க்கு ஒருவேளை ஓடும், அதற்கு மேல் அதிர்ஷ்டம். டிஸ்ப்ளேபோர்ட்டும் இதே கதைதான். அதில் 20-ஆம் பின்னை இரு முனைக்கும் இணைத்துவிட்டால் இரு கருவிகளின் 3.3 வோல்ட் மோதிக்கொள்ளும், ஆகவே அங்கே இன்னும் கவனம்.

பவர் பக்கத்தில், அடாப்டரிலிருந்து வரும் 12 அல்லது 19 வோல்ட் வயரை பிளஸ், மைனஸ் மாறாமல் தாராளமாக ஒட்டலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் கேபிளுக்கு ஒட்டு வேண்டவே வேண்டாம். மேசைக் கணினியின் சிபியூ பெட்டிக்குச் செருகுவதும் பெரும்பாலும் அதே வகைதான். மாற்றிச் செருகிப் பார்த்தாலே கோளாறு கேபிளிலா மானிட்டரிலா என்பது தெரிந்துவிடும்.