"லாக் எடுத்து அனுப்புங்க" என்று சப்போர்ட்டில் கேட்டால் கொஞ்சம் நில்லுங்கள்

பில்லிங் சாஃப்ட்வேர், பேமென்ட் கேட்வே, ஹோஸ்டிங் என்று எதற்கு டிக்கெட் போட்டாலும், "இந்த எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் குட்டி புரோகிராம்) போட்டு லாக் (பிரவுசரில் நடந்ததன் பதிவு) எடுத்து அனுப்புங்க" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் கடைக்கு வந்த அப்படி ஒரு பதிலுக்குப் பிறகு, ஒரு வாடிக்கையாளர் எங்களுக்குக் கட்டிய பணம் யாரோ ஒருவன் கணக்கில் போய் விழுந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கம்பெனியின் பெயரைப் போடவில்லை.

ஆன்லைன் பில்லிங்கில் இன்வாய்ஸ் பிடிஎஃப் டவுன்லோடு ஆகவில்லை. கணக்குப் பார்க்கும் அக்கா சப்போர்ட்டுக்குப் போன் போட்டார். அங்கிருந்த பையன் ஒரு ஜிப் ஃபைலை மெயிலில் அனுப்பி, குரோமில் டெவலப்பர் மோடை ஆன் செய்து "லோடு அன்பேக்ட்" கொடுக்கச் சொல்லியிருக்கிறான். குரோமின் எக்ஸ்டென்ஷன் கடையான வெப் ஸ்டோருக்குப் போகாத எக்ஸ்டென்ஷனை உள்ளே ஏற்றும் வழி அது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் சொந்தக் கோடைச் சோதித்துப் பார்க்க வைத்த வசதி, கடைக் கணக்காளரிடம் அதைத் தொடச் சொல்வதே தப்பு. "எல்லா வெப்சைட்டிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்கிற அனுமதியோடு அது உட்கார்ந்துகொண்டது.

பிறகு ரெக்கார்டு பட்டன். "மேடம், ஒரு தடவை லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணிக்கோங்க. அப்புறம் வழக்கம்போல வேலை பாருங்க, எர்ரர் வந்ததும் ஸ்டாப் பண்ணி, ஃபைலை டிக்கெட்ல அட்டாச் பண்ணிடுங்க." அக்கா அப்படியே செய்தார். பக்கத்து டேபில் மெயிலும் திறந்திருந்தது.

அந்த ஃபைலை நான் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகுதான். ஹார் ஃபைல் என்பார்கள். உள்ளே இருப்பது வெறும் ஜேசன் எழுத்து, நோட்பேடிலேயே திறக்கலாம். பிரவுசர் அனுப்பிய ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும், வந்த ஒவ்வொரு பதிலும் வரிசையாக இருக்கும். கண்ட்ரோல் எஃப் அழுத்தி "பாஸ்வேர்டு" என்று ஆங்கிலத்தில் தேடினேன். லாகின் ரெக்வெஸ்ட்டின் "போஸ்ட் டேட்டா" பகுதியில், நட்சத்திரப் புள்ளி எதுவும் இல்லாமல், அக்காவின் பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து இருந்தது. "குக்கி" என்று தேடினால் பக்கம் பக்கமாக வந்தது. மெயிலின் குக்கியும் அதில் சேர்த்தி.

பாஸ்வேர்டை விட ஆபத்து இந்தக் குக்கிதான். ஓடிபி எல்லாம் கொடுத்து உள்ளே வந்துவிட்டவர் என்பதற்கு சர்வர் தரும் அடையாளம் அது, கல்யாண மண்டபத்தில் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி. யார் கையில் இருந்தாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். செஷன் குக்கியைக் காப்பி அடித்தவனிடம் பெரும்பாலான சைட்டுகள் மறுபடி ஓடிபி கேட்பதில்லை.

சில நாளில் ஒரு பழைய வாடிக்கையாளர் கூப்பிட்டார். "என்னங்க, பேங்க் மாத்திட்டீங்களா? பில்லுல வேற அக்கவுண்ட் நம்பர் இருக்கே." போய்ப் பார்த்தால் இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் மாறியிருந்தன. அவர் கேட்டதால் தப்பித்தார். இன்னொருவர் கேட்காமல் கட்டிவிட்டிருந்தார். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம்.

அந்த லாக் வழியாகத்தான் போனது என்று கோர்ட்டில் நிரூபிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் டிக்கெட்டில் இருந்த அட்டாச்மென்ட் லிங்க்கை இன்காக்னிடோவில் போட்டுப் பார்த்தேன், லாகின் கேட்காமலேயே ஃபைல் இறங்கியது. இதைச் சொன்னதற்கு வந்த பதில், "எங்கள் தரப்பில் எந்தக் குறையும் இல்லை." லிங்க்கை மட்டும் அன்று மாலையே பூட்டிவிட்டார்கள்.

எரிச்சல் என்னவென்றால், பிடிஎஃப் ஏன் வரவில்லை என்பதற்கான விடையும் அதே ஃபைலில் இருந்தது. 504. அவர்கள் சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியும் நேரமும் தெரிகிற ஸ்க்ரீன்ஷாட் போதும், அவர்கள் தங்கள் சர்வர் லாக்கைப் பார்த்திருக்கலாம்.

சின்னக் கம்பெனி, அதனால் நடந்தது என்று நினைக்க வேண்டாம். லாகின் பாதுகாப்பையே தொழிலாகச் செய்யும் ஆக்டாவின் சப்போர்ட் சிஸ்டத்தில் 2023-இல் யாரோ புகுந்து, 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்களைப் பார்த்தார்கள். அவற்றில் இருந்த ஹார் ஃபைல்களின் டோக்கன்களை (குக்கி மாதிரியான அடையாளங்கள்) வைத்து 5 நிறுவனங்களின் செஷன்களை, அதாவது ஏற்கெனவே லாகின் ஆகியிருந்த இணைப்புகளைக் கைப்பற்றினார்கள். கிளவுட்ஃப்ளேர், ஒன்பாஸ்வேர்டு போன்ற பெரிய நிறுவனங்களே அந்த ஐந்தில் இருந்தன. வெப் ஸ்டோரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில், சைபர்ஹேவன் என்கிற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே திருட்டுக் கோடு ஏறி, ஆட்டோ அப்டேட்டாகப் பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது.

லாக் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷன் தேவையில்லை. புது இன்காக்னிடோ விண்டோ ஒன்றை மட்டும் திறந்து, முதலில் லாகின் செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு எஃப்12, நெட்வொர்க் டேப், "ப்ரிசர்வ் லாக்" டிக். பிரச்சினையை ஒரே தடவை செய்து காட்டி எக்ஸ்போர்ட் கொடுங்கள். லாகின் முடிந்த பிறகு ரெக்கார்டிங் தொடங்குவதால் பாஸ்வேர்டு பதிவாகாது. குரோம் 130-லிருந்து இந்த எக்ஸ்போர்ட், குக்கி, ஆதரைசேஷன் ஹெடர்களை (லாகின் அடையாளம் இருக்கும் வரிகள்) தானாகவே நீக்கிவிட்டுத் தருகிறது. "சென்சிட்டிவ் டேட்டாவோடு" எக்ஸ்போர்ட் செய்ய செட்டிங்கில் தனியாக ஆன் செய்ய வேண்டும். அதை ஆன் செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். யூஆர்எல்லில் ஒட்டிக்கொண்டு வரும் டோக்கன்கள் அப்போதும் ஃபைலில் இருக்கலாம், அனுப்புமுன் நோட்பேடில் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், குரோமில் தனி ப்ரொஃபைல் உருவாக்கி, அந்த ஒரு சைட்டில் மட்டும் லாகின் செய்து, வேலை முடிந்ததும் ப்ரொஃபைலையே நீக்கிவிடுங்கள். ஃபைல் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னது எடுபடாது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் இன்றே அந்த சைட்டில் "எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு" கொடுங்கள். ரெக்கார்டு ஓடும்போது திறந்திருந்த மெயிலுக்கும் அதையே செய்யுங்கள். பாஸ்வேர்டு மட்டும் மாற்றினால் போதாது, சில சைட்டுகளில் பழைய செஷன் அப்படியே உயிரோடு இருக்கும். பிறகு இன்வாய்ஸில் உள்ள கணக்கு எண்ணை ஒரு தடவை சரிபாருங்கள்.