கல்மாவு மேட்டுக்குத் தேங்காய் நார் வலை: இரண்டு மழைக்காலம் கழித்து

வாங்கியது தேங்காய் நார்க் கயிற்றில் நெய்த வலை, 18 சுருள். ஒரு சுருள் 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் நீளம். பில்லில் 700 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 700 கிராம் எடை. சதுர மீட்டர் 90 ரூபாய், வண்டி வாடகை தனி. பொள்ளாச்சி பக்கம் ஒரு யூனிட். பெயர் வேண்டாம், படித்தால் ஏனென்று தெரியும்.

மாமனார் வெள்ளகோவில் பக்கம் வெள்ளைக்கல் அரைக்கும் மில் நடத்தினார். மூடி நாலு வருஷம் ஆயிற்று. மெஷின் எல்லாம் விற்றுவிட்டோம். பின்பக்கம் கொட்டிய கழிவுதான் ஏழு மீட்டர் உயரத்துக்கு நின்றது: கல்மாவு, தூசி, விலைபோகாத சில்லு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று எங்கள் ஊரை என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேடு அப்படியே புகையும். பக்கத்துத் தோட்டத்து முருங்கை இலையெல்லாம் வெளுத்துக் கிடக்கும். இந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்ப் படிந்தால் வெளியே வராது. மில்லில் வேலை பார்த்தவர்கள் இருமிக் கேட்டிருக்கிறேன். அதனால்தான் மேட்டை மண் போட்டு மூடுவது என்று முடிவெடுத்தோம்.

வலை போட்டால் மேடு மூடிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். மூடுவது மண். வலை அந்த மண்ணைப் புல் பிடிக்கும்வரை பிடித்து வைக்கும், அவ்வளவுதான். செங்குத்தாக நின்ற மேட்டை ஜேசிபி வைத்து, மூன்று அடி போனால் ஓர் அடி ஏறும் சரிவாக இழுத்தோம். அதன்மேல் அனுமதி வாங்கி எடுத்த குளத்து வண்டல் ஓர் அடி, இரண்டு தடவையாகப் பரப்பித் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினோம். அதற்கு மேல் செம்மண். அரை அடி போதும் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். சிவில் படித்த என் தம்பி விடவில்லை. சித்திரை வெயிலில் அந்த வண்டல் களி வெடிக்கும், வெடிப்பு வழியாக ஐப்பசி மழை நேராக மாவுக்குள் இறங்கும் என்றான். ஒன்றரை அடி போட்டோம். செலவில் பாதி அங்கேதான் போனது. உச்சியில் தண்ணீர் தேங்காமல் முதுகு மாதிரிக் கொஞ்சம் உயர்த்தி விட்டோம்.

தம்பி இன்னொன்றும் சொன்னான்: அமெரிக்காவில் யுரேனிய ஆலைக் கழிவை மூடுவதற்கு 1978 சட்டத்தின் கீழ் வந்த விதி, மூடி 1000 ஆண்டு தாங்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது 200 ஆண்டாவது தாங்க வேண்டும் என்கிறதாம். அங்கே ரேடான் என்ற கதிரியக்க வாயு வெளியே வராமல் களி போட்டு, மேலே கல் பாவுகிறார்கள். எங்களுடையது வெறும் கல்மாவு. ஆனால் அதே நாட்டில் மழை குறைந்த யூட்டாவில், கனமாக மண் போட்டு, மழைத் தண்ணீரை மண்ணே பிடித்து வைத்து, செடி உறிஞ்சிக் காற்றில் விடுகிற மாதிரியும் ஓர் இடத்தில் மூடியிருக்கிறார்கள் என்று தம்பி சொன்னதும் எனக்கு எங்கள் கொறங்காடுதான், அதாவது ஆடு மாடு மேய விட்ட புல்வெளிதான் ஞாபகம் வந்தது. கொழுக்கட்டைப் புல் வேறென்ன செய்கிறது?

சரி, வலைக்கு வருகிறேன். 700 ஜிஎஸ்எம் என்றால் 100 சதுர மீட்டர் சுருள் 70 கிலோ இருக்க வேண்டும். தேங்காய்க் களத்துத் தராசில் ஐந்து சுருளைத் தூக்கி வைத்தோம். 56 கிலோவிலிருந்து 59 வரை. ஃபோன் போட்டேன். "ஏனுங் அம்மிணி, நார் காஞ்சா எடை குறையத்தானுங் செய்யும்." குறையும்தான், அதற்காகச் சுருளுக்குப் பத்துப் பதினைந்து கிலோவா? பணம் திரும்பவில்லை. இரும்புக் கொக்கி நாலு கட்டு சும்மா அனுப்பி வைத்தார்கள். அதுவும் மெல்லிய கம்பி, சுத்தியலில் இரண்டு அடி அடித்தால் வளைந்தது.

விரிக்க அவர்களே ஆள் அனுப்பினார்கள். புரட்டாசியில் சரிவுக்குக் குறுக்கே, கட்டியும் முட்டியுமான மண்மேல் பாய் மாதிரி விரித்துவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. தண்ணீர் வலைக்கு அடியில் ஓடி, முழங்கால் ஆழத்துக்கு இரண்டு ஓடை அறுத்து வண்டலைத் தொட்டுவிட்டது. மேலே வலை அழகாக அப்படியே கிடந்தது!

மறுபடி நாங்களே போட்டோம். கட்டி உடைத்து மண்ணைச் சமன் செய்து, உச்சியில் ஓர் அடிக்கு வாய்க்கால் தோண்டி, வலையின் முனையை உள்ளே விட்டுப் புதைத்து, மேலிருந்து கீழாக உருட்டி, ஓரத்தில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கொக்கி எதுக்கு அம்மிணி, கிளுவைப் போத்தை வெட்டி அடிச்சு உடு" என்றார். அடிவாரத்தில் மட்டும் அப்படிச் செய்தோம், பாதி துளிர்த்து வேலியாகிவிட்டது. சரிவில் மரவேர் களியைத் துளைக்குமே என்று மூங்கில் ஆப்பு. அதே காரணத்துக்காகச் சீமைக்கருவேலங் கன்றை விரல் நீளத்திலேயே பிடுங்க ஆள் விடுகிறோம்.

கொழுக்கட்டைப் புல் விதையைச் சாணியோடு பிசைந்து வலைக் கண்ணுக்குள் தெளித்தோம். அங்கேதான் வலை காசுக்கு வேலை செய்தது. கயிறு ஒவ்வொன்றும் குட்டி வரப்பு மாதிரி. பனி ஈரத்தைக்கூடப் பிடித்து வைத்தது, விதை கீழே இறங்கி ஓடவில்லை. மலையாளத்தில் இதற்குக் கயர் பூவஸ்திரம் என்று பெயர். மண்ணுக்கு உடுத்துகிற துணி. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். சணல் வலை விலை மலிவு, ஆனால் சீக்கிரம் மக்கிவிடும். நாரில் லிக்னின் என்ற, சீக்கிரம் மக்காத மரப்பொருள் அதிகம், அதனால் இரண்டு மூன்று வருஷம் தாக்குப் பிடிக்கும்.

இப்போது இரண்டாவது மழைக்காலமும் முடிந்தது. கிழக்கிலும் வடக்கிலும் புல் இடுப்பளவு. வலையைக் கையால் இழுத்தால் அறுகிறது, அறுந்தாலும் பரவாயில்லை, வேர் பிடித்துவிட்டது. மேற்கு முகத்தில்தான் குறை. பிற்பகல் வெயிலும் ஆடிக் காற்றும் நேராக அடிக்கிற இடம், அங்கே வலை முதல் வருஷமே பொடிந்து புல் திட்டுத் திட்டாக நிற்கிறது. சரியான 700 ஆக இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

வலைக்கு ஐந்துக்கு நாலு. விற்றவர்களுக்கு ஒன்றரை, அந்த அரை நேரத்துக்கு வண்டி அனுப்பியதற்கு. மேற்கு முகத்துக்கு மூன்று சுருள் வேறு யூனிட்டில் சொல்லியிருக்கிறோம். நன்றாகக் காய்ந்த சுருளை வெயில் நேரத்தில் எங்கள் தராசில் நிறுத்த பிறகுதான் பணம் என்று முதலிலேயே பேசியாயிற்று.