சாலையோரக் குடும்ப வீடு: இருப்பதா, மாற்றியமைப்பதா, பெயர்வதா?

வாகனம் ஓயாத சாலையோரத்தில் குடும்ப வீடு உள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி கடந்து போகும்வரை பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இது எவ்வளவு இயல்பாகிவிடுகிறதோ, அதே அளவுக்கு இந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதா என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவதும் இயல்பாகிவிடுகிறது.

எங்கள் வீடும் அப்படிப்பட்டதுதான். கட்டிய காலத்தில் ஒடுங்கியிருந்த சாலை பின்னர் அகலமானது. அகலமானதாலேயே இன்னும் அதிக வண்டிகளை வரவழைத்தது. இப்போது சுற்றுச்சுவருக்கும் சாலை விளிம்புக்கும் இடையே ஒன்பது தப்படிதான் இருக்கிறது. முன்னறைச் சன்னல் கட்டையை இரண்டு நாள் துடைக்காமல் விட்டு ஈரத்துணியால் இழுத்தால், துணியில் ஒட்டுவது பழுப்புப் புழுதி அன்று, எண்ணெய்ப் பசையோடு கூடிய கருப்பு. பின்னறைச் சன்னலில் அதே இரண்டு நாளுக்குப் பிறகு துணி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடுகள் இருக்கின்றன என்று எனக்குப் புரியவைத்தது இந்தத் துணிதான். கீழே சொல்லும் ஒப்பீடு முழுவதும் அதிலிருந்து பிறந்தது.

எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன: அப்படியே இருப்பது, வீட்டை மாற்றியமைத்து இருப்பது, அதை வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வாடகைக்குப் போவது, விற்றுவிடுவது.

முதல் வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே வாதம், ‘பழகிவிட்டது’ என்பது. காது பழகுகிறது, உடல் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. விழிக்காமல் உறங்கிக்கொண்டிருப்பவரின் இதயத் துடிப்பும் வண்டி கடக்கும் நொடியில் எகிறி இறங்குவதை உறக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை இரைச்சலின் இரவுச் சராசரி வீட்டுக்கு வெளியே 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நாள் முழுமைக்குமான அளவை 53 என்று வரையறுக்கிறது. நெரிசலான சாலையை நேரே பார்த்திருக்கும் முன்சுவரில் 70 டெசிபல் பதிவாவது அரிதன்று. 3 டெசிபல் கூடினாலே ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிவிடும் என்பதால், இந்த இடைவெளி எண்களில் தோன்றுவதைவிட மிகப் பெரியது. இதே கணக்கின் மறுபக்கமாக, சாலையில் வண்டிகள் பாதியாகக் குறைந்தாலும் குறைவது 3 டெசிபல்தான். காதுக்கு அது தெரிவதே கடினம். ஆகவே ‘புறவழிச்சாலை வந்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

மின்வாகனங்கள் பெருகினால் தொல்லை தீரும் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. புகைக்குழாய் மறைவதும் தொடக்க வேகத்தில் ஓசை குறைவதும் மெய்யான ஆதாயங்களே. ஆயினும் ஓரளவு வேகம் எடுத்த பிறகு கார் எழுப்பும் ஓசையில் பெரும்பங்கு டயரும் தார்ப்பரப்பும் உராய்வதால் வருவது. டயர் தேய்மானத் துகளும் சாலைப் புழுதியும் எந்த வண்டியிலும் உண்டு. ஹாரனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

காற்றின் கணக்கு ஒலியின் கணக்கிலிருந்து வேறுபட்டது. இங்கே தொலைவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரிய சாலைகளின் வாகன மாசு மிகுதியாகத் தாக்கும் பகுதி சாலையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் வரை என்று அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் நிறுவனம் 2010இல் தன் மதிப்பாய்வில் வரையறுத்தது. அந்தப் பகுதிக்குள்ளும் முதல் நூறு மீட்டரில்தான் செறிவு மிகச் செங்குத்தாக இறங்குகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பல லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், பெருஞ்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழ்ந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, 300 மீட்டருக்கு அப்பால் வாழ்ந்தவர்களைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய காரணத்தை நிறுவவில்லை. தனி மனிதர் ஒருவர் இதைப் படித்துவிட்டு மறுநாளே வீட்டை விற்கும் அளவுக்குப் பெரிய எண்ணும் அன்று. என்னை அதிகம் உலுக்கியது தெற்குக் கலிபோர்னியக் குழந்தைகளின் ஆய்வுதான். விரைவுச்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி, 1500 மீட்டருக்கு அப்பால் வளர்ந்தவர்களுடையதைவிடக் குறைந்திருந்ததாக 2007இல் அது அறிவித்தது. வளரும் பருவத்தில் எட்டாத அளவை நுரையீரல் பிறகு முழுமையாக எட்டுவது கடினம்.

இனி இரண்டாவது வழி. மாற்றியமைப்பது என்றதும் எல்லோரும் சன்னல் கண்ணாடியைத்தான் நினைக்கிறார்கள். காசு செலவாகாத மாற்றம் ஒன்று அதற்கு முன்னால் இருக்கிறது: கட்டிலை இடம் மாற்றுவது. ஒரு மனிதர் வீட்டில் கழிக்கும் நேரத்தில் மிகப் பெரிய பங்கு படுக்கையில் கழிகிறது. சாலைக்கும் படுக்கைக்கும் நடுவே வீட்டின் முழு ஆழமும் இரண்டு சுவர்களும் வந்துவிட்டால், இரைச்சலில் கிடைக்கும் குறைவுக்கு ஈடாக எந்தக் கண்ணாடியையும் எளிதில் காட்டிவிட முடியாது. எங்கள் வீட்டில் பின்னறையில் பழைய பெட்டிகளும் முன்னறையில் மனிதர்களும் குடியிருந்தார்கள் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கட்டிலுக்கு அடுத்ததாக இடுக்குகளைப் பார்க்க வேண்டும். சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும். கதவடி இடைவெளியும் சன்னல் சட்டத்தின் விரிசலும் காற்றுத்துளையும் அடைபடாமல், விலையுயர்ந்த இரட்டைக் கண்ணாடியை மட்டும் பொருத்துவது வீண் செலவு. கண்ணாடியிலும் இரண்டு தகடுகளின் கனத்தைவிட அவற்றுக்கு இடையிலான இடைவெளி முக்கியமானது. பழைய சன்னலை அப்படியே விட்டு, உட்புறம் ஒரு சாண் இடைவெளியில் இன்னொரு சன்னல் போடுவது, நெருக்கமாக ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைவிடப் பல சமயம் நன்றாக ஒலியைத் தடுக்கிறது. மரம் நடுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஒற்றை வரிசைச் செடி சாலையைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர ஓசையை மறைக்காது. கெட்டியான, இடுக்கில்லாத சுற்றுச்சுவர் தரைத்தள அறைக்குப் பயன்படும். மாடிச் சன்னலிலிருந்து சாலை கண்ணுக்குத் தெரிந்தால் அங்கே அந்தச் சுவரால் பயனில்லை.

இந்த வழியின் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சன்னலை அடைத்தால் ஒலி குறைகிறது. ஆனால் சமையல் புகையும் ஈரமும் மூச்சுக்காற்றும் உள்ளேயே தங்குகின்றன. ஹெபா வடிகட்டி கொண்ட காற்றுச் சுத்திகரிப்பான் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கவல்லது. என்றாலும் வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் டைஆக்சைடு வாயு அதன் வழியே தடையின்றிப் போய்விடும். அதற்குச் செயலூட்டப்பட்ட கரி வேண்டும், கரியை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த வாயுவுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து ஒரேயடியாகப் பத்தாகக் குறைத்தது என்பதால், இதைச் சிறு குறையென ஒதுக்க முடியாது. சுத்திகரிப்பான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதும் இல்லை. ஆகவே வீட்டின் பின்புறத்திலிருந்து வடிகட்டி வழியாகக் காற்றை இழுக்கும் விசிறி ஒன்று தேவைப்படுகிறது. அது இல்லாதவர்கள் சன்னலைத் திறக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடியற்காலைக் காற்று தூய்மையானது என்ற நம்பிக்கை சாலையோரத்தில் பொருந்துவதில்லை. உதயத்துக்கு முன் காற்று அசையாமல் தாழ நிற்பதால், குறைந்த வண்டிகளின் புகையும் கலையாமல் வெகுதூரம் பரவுகிறது. வெயில் ஏறி, நெரிசல் தணிந்த முற்பகலில் பின்பக்கச் சன்னல்களைத் திறப்பதே மேல்.

பழைய சாலையோரத் தோட்டத்து மண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக நிறுத்தப்பட்டது 2021இல்தான். முன்பு படிந்த ஈயம் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீடானால் மேல்மண்ணைச் சோதிப்பதோ மூடுவதோ நல்லது.

மூன்றாவது வழியான வாடகைப் பெயர்வு, பலருக்குத் தோல்வியின் அடையாளமாகத் தெரிகிறது. சொந்த வீட்டை வைத்துக்கொண்டு பிறர் வீட்டில் வாடகைக்கு இருப்பதா என்று கேட்பார்கள். நான்கில் திரும்பி வரக்கூடிய பெயர்வு இது ஒன்றுதான் என்பதால், நான் இதை உயர்வாகவே மதிக்கிறேன். ஓராண்டு அமைதியான இடத்தில் தூங்கிப் பார்த்தால், தலைவலியும் குழந்தையின் இருமலும் சாலையால் வந்தவையா, வேறு காரணத்தால் வந்தவையா என்பது ஓரளவேனும் விளங்கிவிடும். வாடகைக்கு விடும்போது நமக்கு ஆகாத காற்றை இன்னொருவரின் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறோமா என்ற உறுத்தல் எழுவது நியாயம். பகலில் மட்டும் ஆட்கள் இருக்கும் அலுவலகத்துக்கோ கிடங்குக்கோ விடுவது அந்த உறுத்தலைக் குறைக்கும். சாலை முகப்பை விரும்பி வருபவர்களும் அவர்கள்தாம்.

இதில் ஒரு பொறி உண்டு. அமைதியான வீடு பெரும்பாலும் தொலைவில் இருக்கிறது. ஊருக்கு வெளியே போய்விட்டு, வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் இரண்டு மணி நேரம் அதே நெரிசலில் அமர்ந்திருப்பவர், முன்னால் போகும் வண்டியின் புகையைத் தன் காருக்குள் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே மாசின் செறிவு சாலையோர வீட்டின் பின்னறையைவிட மிக அதிகம். பயண நேரத்தைச் சேர்க்காமல் போட்ட கணக்கு எதுவும் கணக்கே அன்று.

வயதானவர்களையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். என் அம்மாவுக்கு அந்தச் சாலை ஒரு துணை. யார் போகிறார்கள், எந்தப் பேருந்து தாமதம் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் அவருடைய மாலைப்பொழுது கழிகிறது. அமைதியான இடத்தில் அவருக்குக் கிடைக்கப்போவது அமைதியா, தனிமையா என்ற கேள்விக்கு டெசிபலில் விடை இல்லை. இரவில் பின்னறை, மாலையில் ஒரு மணி நேரம் முன்னறை என்று அவரோடு உடன்பாடு செய்துகொண்டோம்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது திரும்ப முடியாத வழி; உடன்பிறந்தவர்களுக்குப் பங்கு இருந்தால், சாலையைப் பற்றிய பேச்சு விரைவிலேயே பாகத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளை அல்லது கருவுற்ற பெண் வீட்டில் இருந்து, சாலை 50 மீட்டருக்குள் இருந்து, பின்புறமாகப் படுக்கையை நகர்த்தவும் இடமில்லை என்றால், நான் இரண்டாவது வழியில் பணத்தைக் கொட்டாமல் உடனே மூன்றாவதுக்குப் போவேன். விற்பனையை அந்த ஓராண்டுக்குப் பிறகே எடுப்பேன். பெரியவர்கள் மட்டும் இருக்கும், ஆழமான மனையில் அமைந்த வீடானால் இரண்டாவது வழியே போதும்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் மட்டுமே இருப்பதால் இரண்டாவதைத் தேர்ந்தோம்; தங்கை கைக்குழந்தையோடு மூன்றாவதைத் தேர்ந்தாள். அவள் பார்க்கப் போன வீடுகள் எல்லாவற்றையும் பகல் பதினொரு மணிக்கே காட்டினார்கள். நாங்கள் ஒவ்வொன்றையும் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறையும் காலை எட்டு மணிக்கு ஒருமுறையும் வாசலில் நின்று கேட்டோம். பக்கத்துக் காலிமனை நகரமைப்பு வரைபடத்தில் எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும் விசாரித்தோம். அப்படிக் கைவிட்ட வீடு ஒன்றின் முன்னால் இருந்த வெற்றிடம், வரப்போகும் நான்குவழிச் சாலைக்கானது.