சின்ன யார்டுல கட்டின மோட்டார் யாட்: அஞ்சாறு வருஷம் வெச்சு ஓட்டின அனுபவம்

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு போட் வெச்சிருக்கறம்னு சொன்னாலே எந்தத் தண்ணில ஓட்டறீங்கன்னுதான் மொதக் கேள்வி வரும். ஆழியாறு, பவானிசாகர்ல சொந்த போட் எறக்கறதெல்லாம் நடக்கற காரியமில்லைங்க, நம்ம பக்கம் மோட்டார் போட்னா பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் நடுவால காவேரில ஆள் ஏத்திக்கிட்டுப் போறதுதான். எங்களுது நிக்கறது கொச்சில. பாலக்காடு-திருச்சூர் ரோட்டுல குதிரான் சுரங்கம் 2021ல தொறந்ததுக்கப்பறம் விடியால வெள்ளென கெளம்புனா டிபன் நேரத்துக்கு அங்க போயிரலாம், முந்தியெல்லாம் அந்த மேட்டுல லாரிக்குப் பின்னால நின்னே பாதி நாள் போயிரும்.

போட் 32 அடி, மோட்டார் யாட்னு சொல்லுவாங்க, இஞ்சின்ல ஓடற, உள்ள படுக்க கேபின் இருக்கற உல்லாசப் போட். கொச்சிக்குப் பக்கத்துல ஒரு சின்ன யார்டு, அதாவது போட் கட்டற பட்டறை, வருஷத்துக்கு ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு போட்தான் கட்டுவாங்க. நாலு பேர் கூட்டா வாங்கினமுங்க: எனக்கு கணபதில லேத் பட்டறை, மச்சானுக்கு பல்லடத்துல தறி, பொள்ளாச்சி மாமாவுக்குத் தென்னந்தோப்பு, அப்பறம் ஒரு சினேகிதர். இப்ப அந்த யார்டுக்காரர் அடுத்த மாடலுக்கு அச்சு போட்டுட்டார்னு சேதி வந்ததும் தெரிஞ்சவங்க பல பேர் போன் பண்ணி விசாரிக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிரலாம்னுதான்.

யாட் பாக்கப் போறவங்க எல்லாரும் நேரா கேபினுக்குள்ள போயி சோபாவ அமுக்கிப் பாக்கறாங்க, கிச்சன பாக்கறாங்க, போட்டோ எடுக்கறாங்க. அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க. மொதல்ல தரையத் தூக்கச் சொல்லி இஞ்சின் ரூமப் பாக்கோணும், ஒவ்வொரு ஃபில்டர், பம்பு, வால்வுக்கும் கை போகுதான்னு படுத்துப் பாக்கோணும். எங்க யார்டுக்காரர் எங்களுக்குக் காட்டினதே அதத்தான். படிக்கட்டத் தூக்கினா கடல்தண்ணி பம்பு கண்ணு முன்னால இருக்குது, டீசல் ஃபில்டர் வலது பக்கம், ஆயில் அளக்கற குச்சி எடது பக்கம், ஒவ்வொரு ஓசுலயும் இது எங்கிருந்து எங்க போகுதுன்னு சீட்டு கட்டியிருக்கு. ஒயரு பூரா டின் பூசின செம்பு. இத்தன வருஷத்துல ஒரு வேலைக்குக்கூட எதையும் அறுக்கவோ ஒடைக்கவோ வேண்டி வல்லைங்க.

அந்த பம்பப் பத்திக் கொஞ்சம் எச்சாவே சொல்லோணும், பம்பு ஊர்ல பொறந்த நமக்கு இது புடிக்கும். நம்மூரு மோட்டார் பம்புல இம்பெல்லர்னா வார்ப்பு இல்லாட்டி நோரில்ங்கற பிளாஸ்டிக், கெட்டியா இருக்கும். இதுல ரப்பருங்க. வளைஞ்சு வளைஞ்சு சுத்தற ரப்பர் இதழு, அதுதான் வெளித்தண்ணிய இழுத்து ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளுது, இஞ்சினுக்குள்ள சுத்தற கூலன்ட் அங்கதான் சூடாறுது. தண்ணி இல்லாம சித்தெ நேரம் சுத்துனாலே இதழு கருகிப் பிஞ்சு போகும், பிஞ்ச துண்டு போயி எக்ஸ்சேஞ்சர் குழாய அடைச்சுக்கும், இஞ்சின் சூடேறும். மழைக்காலத்துல வேம்பநாட்டு ஏரிலிருந்து ஆகாயத்தாமரை கும்பல் கும்பலா மெதந்து கொச்சிப் பக்கம் எறங்கும் பாருங்க, அப்பத்தான் இந்தத் தொந்தரவே. ஒரு தடவ அரூர்ப் பாலத்துக்கு இந்தப்பக்கம் வர்றப்ப வெப்பமானி முள்ளு ஏறுது, புகைக்குழாய்ல தண்ணி துப்பற சத்தம் கொறைஞ்சு போச்சு. மச்சான் இஞ்சின நிறுத்தி நங்கூரத்தப் போட்டான், நான் அடியில வெண்கல வால்வ மூடி, கண்ணாடி மூடி போட்ட ஸ்ட்ரெய்னர, அதாவது குப்பை வடிகட்டியத் தொறந்தா உள்ள பூரா வேரும் எலையும். அள்ளிப் போட்டுட்டு, கையோட இம்பெல்லரையும் கழட்டிப் பாத்தமுங்க, நாலே ஸ்க்ரூ, இதழு எல்லாம் முழுசா இருந்துச்சு. டீ ஆறங்குள்ள கெளம்பிட்டம். இதே பம்பு இஞ்சினுக்குப் பின்பக்கம் சொவத்தோட ஒட்டி வெச்சிருக்கற போட்டும் பாத்திருக்கறனுங்க, அங்க இந்த வேலைக்கு ஒல்லியான பையன் ஒருத்தனைத் தேடோணும்.

ஓட்டம். யான்மார் டீசல் ஒண்ணே ஒண்ணு, 110 குதிரை. முழுசா முறுக்குனா 12 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) போகும், ஆனா மணிக்கு 20 லிட்டருக்கு மேல குடிக்கும். 7 நாட்ல போனா ஆறேழு லிட்டர்ல முடிஞ்சுது. இது கணக்குத்தானுங்க, தண்ணியத் தொடற நீளத்த அடில எடுத்து வர்க்கமூலம் கண்டுபுடிச்சு 1.34ஆல பெருக்குனா போட் தன்னோட அலைய ஏறாம சுகமாப் போற வேகம் வந்துரும், எங்களுது 29 அடி, 7.2 நாட் வருது. அதுக்கு மேல ஒவ்வொரு நாட்டுக்கும் டீசல் கொட்டோணும். மாமா மொத மாசம் "ஏனுங் மாப்ளே, இன்னுங் கொஞ்சம் முடுக்கலாமில்ல"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, டீசல் பில்லு பங்கு பிரிச்சதுக்கப்பறம் அவரே "மெதுவாவே போலாமுங்க, கொக்கு நாரையெல்லாம் நல்லாத் தெரியுது"ன்னுட்டாரு.

அடிப்பாகம் நொம்ப நல்லா இருக்குதுங்க. வெதுவெதுன்னு இருக்கற தண்ணிலயே கெடக்கற பைபர் போட்டுக்கு ஜெல்கோட்டுக்குள்ள, அதாவது வெளில இருக்கற பளபளப்புப் பூச்சுக்குள்ள, ஈரம் எறங்கி கொப்புளம் கொப்புளமா வர்றது பெரிய வியாதி. இவங்க வெளி அடுக்கு மட்டும் ஈரம் எளுப்பத்துல எறங்காத வினைல் எஸ்டர் ரெசின்ல போட்டிருக்காங்க, வெல கூடத்தான், ஆனா வருசாவருசம் கரையேத்தறப்ப காசுல தட்டித் தட்டிப் பாக்கறன், ஒரு எடத்துலகூட பொத்தச் சத்தம் வல்லை. கொட்லசு, சிப்பி ஒட்டறதுக்கு செம்பு கலந்த பெயின்ட்தான், அத வருசம் ஒருக்கா அடிச்சே ஆகோணும், அதுல மிச்சம் புடிக்கப் பாத்தீங்கன்னா டீசல்ல போயிரும்.

இன்னொண்ணு, யார்டுக்காரர் சொல்லிக் கத்துக்கிட்டது. ப்ரொப்பல்லரும் ஷாப்டும் அரிக்காம இருக்க அடியில ஒரு பலி உலோகக் கட்டி மாட்டுவாங்கல்ல, எல்லாரும் துத்தநாகம்தான் வாங்கறாங்க. உப்புத்தண்ணிக்கு அது சரி. ஆனா கொச்சிக் காயல் கோடைல உப்பு, மழைக்காலத்துல கிட்டத்தட்ட நல்ல தண்ணி, அப்ப துத்தநாகத்து மேல ஒரு படலம் புடிச்சு அது வேலையே செய்யாது. ரெண்டுலயும் வேலை செய்யறது அலுமினியக் கட்டி. "சாரே, இவ்விட அலுமினியம் மதி"ன்னு மொத நாளே சொல்லிட்டாரு.

கொறையும் இருக்குதுங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. மொத தென்மேற்குப் பருவத்துலயே முன்பக்க ஜன்னல் ரெண்டு ஒழுகுச்சு, மெத்தை நனைஞ்சு பூஞ்சை புடிச்சுது. ஜன்னல் சட்டத்து ஸ்க்ரூவெல்லாம் 304 ஸ்டீலு, கடல்காத்துக்கு அது தாங்காது, துரு வடிஞ்சு வெள்ளை பெயின்ட்ல கோடு கோடா எறங்குச்சு. போன் பண்ணதுக்கு மறுவாரமே யார்டுக்காரரே ஒரு ஆசாரியக் கூட்டிக்கிட்டு வந்து, சட்டத்தக் கழட்டி, தண்ணி எறங்காம அடைக்கற பியூட்டைல் டேப் வெச்சு, துருவத் தாங்கற 316 ஸ்டீலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிக் குடுத்தாரு, காசு வாங்கல. அதுக்கப்பறம் ஒழுகல. கேபினுக்குள்ள காத்தோட்டம் மட்டும் இன்னும் பத்தாதுங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல வளந்த ஒடம்புக்கு ஏப்ரல் மாசம் உள்ள படுக்க முடியறதில்ல. மேல ரெண்டு காத்துத் திறப்பு எச்சா வெச்சிருக்கோணும். பெரிய கம்பெனி போட்டு மாதிரி பளபளன்னு மரவேலையும் எதிர்பாக்காதீங்க, கதவு மூலைல ப்ளைவுட்டு சித்தெ உப்பியிருக்கு.

சின்ன யார்டுன்னா அவரு நாளைக்குக் கடைய மூடிட்டா என்ன பண்றதுன்னு மச்சான் வாங்கறப்பவே கேட்டான். நாயமான கேள்விதான். அதனால வரைபடம், ஒயரிங் படம், எந்த வால்வு எங்க வாங்கினதுங்கற பட்டியல் எல்லாத்தையும் எழுதிக் கேட்டு வாங்கிட்டம். மெசின் பூரா வெளில கெடைக்கற சரக்கு, அந்த யார்டுலதான் கெடைக்கும்னு ஒரு சாமானும் கெடையாது. வெளிநாட்டுல ஃப்ளெமிங் மாதிரி பேரெடுத்த யாட் கம்பெனியும் 1980கள்ல வந்த அதே 55 அடி மாடலத்தான் ஓட்டறவங்க சொல்றதக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கிட்டு வந்தாங்க. எங்க யார்டுக்காரரும் எங்க ஜன்னல் கதைய அடுத்த போட்டுல திருத்திட்டாரு, நானே போயிப் பாத்தன்.

இப்ப வரப்போற மாடல் 36 அடி, டீசலோட மின்சார மோட்டாரும் சேத்து. வைக்கம் பக்கம் 2017லிருந்து ஆதித்யான்னு சூரிய ஒளி போட் ஓடுது, 75 பேர் உக்காரலாம், நாட்டுலயே மொத சோலார் ஃபெரி (ஆள் ஏத்தற போட்), கட்டினதும் கொச்சிக் கம்பெனிதான். 2023லிருந்து கொச்சி வாட்டர் மெட்ரோ போட்டும் பேட்டரில ஓடுது. அதனால காயல்ல ஆறேழு நாட்ல போறதுக்கு மின்சாரம் ஒத்துவரும்னுதான் எனக்குப் படுது, சத்தமும் இருக்காது. கடலுக்குள்ள போறதுக்கு டீசல் இருக்குது. ஆனா பேட்டரி எடைய எங்க வெக்கறாங்க, தண்ணி பட்டா என்ன ஏற்பாடு, அது பாக்காம முன்பணம் குடுக்காதீங்க. அச்சுலருந்து ஹல், அதாவது போட்டோட உடம்பு, வெளிய எடுக்கறப்ப வரச் சொல்லியிருக்காரு, மாமாவும் மச்சானும் வர்றாங்க. காருல ஒரு எடம் காலியா இருக்குது, உண்மையாவே வாங்கற எண்ணம் இருக்கறவங்க சொல்லுங்க.